எப்பிங்ஹவுஸும் நம் பத்து நிமிடமும்

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்த வெயிலிலும் எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊராட்சித் தலைவர் அவர்களே, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். காலையில் பத்து நிமிடம் ஒப்பிக்கிற வழக்கம் நம் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறோம், அதற்காக மனப்பாடத்தையும் மறதியையும் ஆராய்ந்த உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அவர் வாழ்க்கை, மறதி, 1897-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் வைத்த சோதனை.

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்." 1850-இல் ஜெர்மனியில் பிறந்த இந்த மனுஷன் ஔவையாரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், ஆனால் நாப்பழக்கத்தை எண்ணிப் பார்த்தவர் அவர்தான்.

சோதனைக்கு வேறு ஆள் தேடாமல் தன்னையே உட்கார வைத்துக்கொண்டார். தெரிந்த சொல் என்றால் பழைய ஞாபகம் உதவிக்கு வந்துவிடும் என்று, இரண்டு மெய்க்கு நடுவே ஓர் உயிரைச் செருகி, அர்த்தமில்லாத அசைகள் சுமார் 2,300 செய்தார். 'லூக்', 'ஸெப்', 'நைத்' என்கிற மாதிரி. அதில் சிலதைக் குலுக்கி எடுத்து வரிசையாக எழுதி, கடிகாரம் டிக் டிக் என்க, நிமிடத்துக்கு 150 வீதம், ராகம் போடாமல், தப்பில்லாமல் ஒப்பிக்கிற வரை படிப்பார், அப்புறம் மறக்க விட்டு அதே வரிசையைத் திரும்பப் படிப்பார். 1879-80-இல் ஒரு சுற்று, 1883-84-இல் இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்திருந்தால் மந்திரவாதி என்றே முடிவு கட்டியிருப்பார்!

1885-இல் புத்தகமாக வந்தது. முதல் தடவையோடு பார்த்தால், திரும்பப் படிக்கையில் மிச்சப்படுகிற உழைப்பு இருபது நிமிடம் கழித்து 58 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. கொட்டுவதெல்லாம் முதல் நாளிலேயே கொட்டிவிடுகிறது.

சரி, நம் கோரிக்கைக்கு வருகிறேன். பன்னிரண்டு அசை வரிசையை, திரும்ப ஒப்பிக்கிற நாளுக்கு முந்தின நாள் ஒரே மூச்சில் 68 தடவை படித்ததும், மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை படித்ததும் ஒரே பலன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளையை உட்கார வைக்கிறோமே, அது அந்த 68! காலை வழிபாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் வாய்ப்பாடும் ஆத்திசூடியும் ஒப்பிக்கிற வழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான். அர்த்தம் புரியாமலா என்பீர்கள். ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதையை எப்பிங்ஹவுஸ் மனப்பாடம் செய்தபோது, அர்த்தமில்லாத அசைகளுக்கு ஆனதில் பத்தில் ஒரு பங்கு உழைப்பே ஆனது. அதனால் முதலில் அர்த்தம் சொல்லுங்கள், அப்புறம் நாப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

அந்த 1897 சோதனையைச் சொல்ல நேரமில்லை, செயலாளர் வாட்சைக் காட்டுகிறார். கையெழுத்துத் தாள் சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனா ஒன்றுதான், எடுத்துப் போய்விடாதீர்கள்.