முட்டை மிதந்தால் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேச வந்துவிட்டு ரேடியோ நெல்லைச் சொல்லாமல் எப்படி? 1960களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொன்னது. 1966இல் பண்ணை இல்ல ஒலிபரப்பும் சேர்ந்துகொண்டது. தஞ்சாவூர்ப் பக்கம் அந்த ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

சரி, அந்த ரேடியோ யார் வீட்டில் இருந்தது? பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர் திண்ணையில், இல்லையென்றால் பஞ்சாயத்துக் கட்டடத்தில். சாயங்காலம் நிகழ்ச்சி வரும் நேரத்தில், அந்த நெல்லை நட்ட பெண்கள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

1986இல் டென்மார்க் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் 'தான்வா' திட்டம் தொடங்கியது. பெண் அலுவலர்களே கிராமத்துக்குப் போய், விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு ஐந்து நாள் பயிற்சி தருவது. அப்படிப் போனவர்களில் நானும் ஒருத்தி. முதல் ஊரில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் என்று சொல்லியனுப்பினேன். போய்ப் பார்த்தால் நாலைந்து ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். வழியில் ஒரு பாட்டி சொன்னார்: "பதினோரு மணிக்கு நாங்க வயல்ல நிப்போம் ஆபீசரம்மா. நீ வேணா வரப்புக்கு வா."

மறுநாளிலிருந்து மூன்று மணிக்குமேல், கோயில் ஆலமரத்தடியில்.

முதல் பாடம் விதைத் தேர்வு. பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு என்று ஆரம்பித்தேன். "எங்க குடத்துல எத்தனை லிட்டர் புடிக்கும்?" என்று ஒருத்தர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்புறம் லிட்டரை விட்டுவிட்டு முட்டைக்குப் போனேன். வாளித் தண்ணீரில் ஒரு புது முட்டையைப் போட்டால் அடியில் போய்விடும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை மேலே வந்து காசளவு வெளியே தெரியும். அதுதான் அளவு. அதில் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம். மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெட்டுப்போகும். பாடம் முடிந்ததும் முட்டை கொடுத்த அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

மருந்து கலப்பதிலும் இதே சங்கடம். கிலோ விதைக்கு கார்பன்டாசிம் என்ற பூஞ்சாண மருந்து இரண்டு கிராம் என்று கையேட்டில் இருக்கும். இரண்டு கிராமை நிறுக்க யார் வீட்டில் தராசு இருக்கிறது? பத்துக் கிலோ விதைக்கு இருபது கிராம் என்று நானே நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். கையேடு எழுதியவர் மேல் கோபம்தான் வந்தது.

இன்று சேதிக்குப் பஞ்சமில்லை. 2004இல் தொடங்கிய, விவசாயிகள் சந்தேகம் கேட்கும் கிசான் கால் சென்டருக்கு, 1800 180 1551, காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். 2018இல் விவசாயிகளுக்கென்று உழவன் என்ற போன் செயலி வந்தது. ஆனால் போன் யார் சட்டைப்பையில் இருக்கிறது? கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் பெரும்பாலோர் விவசாய வேலைதான் பார்க்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டில் பெண்கள் பொறுப்பில் இருந்த சாகுபடிப் பண்ணைகள் நூற்றுக்குச் சுமார் பதினான்குதான். பட்டா பார்த்துப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

எங்கள் தான்வா பயிற்சிப் பட்டியலும் முழுசு இல்லை. சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களைத்தான் நாங்கள் எழுதினோம். கூலிக்கு நடவு நடுகிறவர்கள் அதில் இல்லை. முட்டைப் பாடம் நடத்திய பருவத்தில், அந்த முதல் ஊருக்கு நாற்றுப் பறிக்கும் நாளில் போயிருந்தேன். கூலிக்கு வந்திருந்த ஒரு பெண் நாற்றுக்கட்டைத் தூக்கிப் பார்த்து, "இந்த நாத்து ஒரே மாதிரி பருமனா இருக்கே, என்ன பண்ணுனாங்க?" என்று கேட்டார். முட்டைக் கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் வேறொரு ஊருக்குப் போனால், நான் இன்னும் பாடமே நடத்தாத அந்த ஊரில், ஒரு வாசலில் உப்புத் தண்ணீர் வாளி நிற்கிறது. யார் சொன்னது என்று கேட்டேன். "நடவுக்கு வந்த பொண்ணு சொல்லுச்சு" என்றார்கள்.

நன்றி, வணக்கம்.