புறாக்களுக்கு ஒரு கோபுரம்: நார்மண்டியின் ஆங்கோ மாளிகை

(காட்சி: புல் முற்றத்தில் உருண்டையான கோபுரம். மேலே குமிழ் போலக் குவிந்த கூரை.)

இந்தக் கோபுரத்தைப் பாருங்கள். செங்கல், மணற்கல், சிக்கிமுக்கிக் கல் என்று மாற்றி மாற்றி அடுக்கி, சுவரெல்லாம் கோலம் போட்டு வைத்திருக்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல் உள்ளூர்ச் சரக்கு, இந்தக் கரையின் சுண்ணப் பாறைக்குள் கட்டிகட்டியாகக் கிடைக்கும். இவ்வளவு அலங்காரமும் யாருக்கு? புறாக்களுக்கு!

இடம், பிரான்சின் வடக்குக் கரையிலுள்ள நார்மண்டிப் பகுதியில், தியெப் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான வாரன்ஜ்வில். 1530-களிலும் 1540-களின் தொடக்கத்திலும் இந்த மாளிகையைக் கட்டியவர் ழான் ஆங்கோ. பரம்பரைப் பிரபு இல்லை, தியெப்பின் கப்பல் முதலாளி. வியாபாரம் ஒரு பக்கம், எதிரி நாட்டுக் கப்பல்களை மடக்கிச் சூறையாடுவது இன்னொரு பக்கம். மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்டெஸ், அங்கிருந்து தன் மன்னருக்கு அனுப்பிய பொன்னை 1520-களின் தொடக்கத்தில் நடுக்கடலில் பறித்த ழான் ஃப்ளெரி, இவருடைய ஆள்தான். 1529-இல் இவர் அனுப்பிய இரண்டு கப்பல்கள் சுமத்ரா வரை போயின.

சரி, பணம் குவிந்துவிட்டது. அடுத்து அந்தஸ்து வேண்டுமே?

(காட்சி: வெளிச்சுவர், பிறகு வாசல் வழியாக உள்ளே.)

வெளியே நின்று பார்த்தால் பெரிய பண்ணைவீடு, அவ்வளவுதான். நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். வாசலைத் தாண்டினால்தான் ஆங்கோவின் ஆசை தெரியும்: தூணும் வளைவுமாக, இத்தாலிய பாணியில் ஒரு திறந்த தாழ்வாரம். அன்றைய மன்னர் முதலாம் பிரான்சுவாவுக்கு இத்தாலியக் கலை என்றால் உயிர். மன்னரின் ரசனை ஆங்கோவுக்கும் தொற்றிக்கொண்டது. ஆனால் நார்மண்டியின் மழையிலும் கடற்காற்றிலும் அந்தத் தாழ்வாரத்தில் எத்தனை நாள் உட்கார முடிந்திருக்கும்? எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது புறாக்களுக்கு வருவோம். கோபுரத்தின் உள்சுவரில் தரையிலிருந்து மேல்வரை சுமார் 1,600 பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. குஞ்சு சாப்பாட்டுக்கு, எச்சம் வயலுக்கு உரம். ஆனால் லாபத்தைவிடப் பெருமை பெரிது. அன்றைய நார்மண்டியில் இப்படித் தனிக் கோபுரமாகப் புறாமாடம் கட்டுவது நிலப்பிரபுவின் உரிமை. தன் தானியத்தைக் கொத்தித் தின்னும் பறவையைக் குடியானவன் கொல்லக்கூடாது. ஊருக்கே தெரியும்படி ஆங்கோ இதை இத்தனை அழகாக எழுப்பியது சும்மா இல்லை, நானும் பிரபுதான் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. 1547-இல் மன்னர் இறந்தார், ஆங்கோவைக் கடன் நெருக்கியது. 1551-இல் ஆங்கோ நொடித்துப்போன நிலையில் இறந்தார். மாளிகை காலப்போக்கில் வெறும் பண்ணையாகிவிட்டது. 1862-இல்தான் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் சேர்த்தது.

அதற்கு முன்பே புறாக்களின் ராஜ்ஜியமும் முடிந்திருந்தது. 1789 ஆகஸ்ட் 4 இரவு, பிரெஞ்சுப் புரட்சியின் தேசியப் பேரவை பிரபுக்களின் சலுகைகளை ஒவ்வொன்றாக ரத்து செய்தது. புறாமாட உரிமையும் அதில் போயிற்று. ஊர் சொல்லும் காலத்தில் புறாக்களை அடைத்து வைக்க வேண்டும், மீறிப் பறந்து வந்தால் தன் நிலத்தில் யார் வேண்டுமானாலும் கொல்லலாம்.

(காட்சி: உள்சுவரில் வரிசை வரிசையாகப் பொந்துகள். கேமரா மெல்ல மேலே போகிறது.)