கணக்கு உதைக்கும் இடம்: பின்லாந்தின் சதுப்புக் காடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பருவநிலைக் கொள்கையில் பின்லாந்து சுணங்கி நின்ற நாடு அல்ல. உலகில் முதன்முதலாகக் கார்பன் வரி போட்டதே அவர்கள்தான், 1990இல். 2035க்குள் நிகர உமிழ்வு பூஜ்ஜியம் என்று 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பருவநிலைச் சட்டம் சொல்கிறது. புகைபோக்கிகளை மட்டும் பார்த்தால் வேலை ஒழுங்காகவே நடக்கிறது. ஓல்கிலுவோட்டோவின் மூன்றாவது அணு உலை, 1,600 மெகாவாட், 2023 ஏப்ரலில் முழு உற்பத்திக்கு வந்தது. தலைநகர் ஹெல்சிங்கியின் சல்மிசாரி நிலக்கரி ஆலையை 2025 ஏப்ரலில் மூடினார்கள். வீடுகளுக்குக் குழாய்வழி போகும் வெந்நீரைக் கழிவுநீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புகளும், மின் கொதிகலன்களும், மரச்சில்லுகளும் சூடாக்குகின்றன. 1990இல் ஆண்டுக்கு 7 கோடி டன் அளவில் இருந்த உமிழ்வு இப்போது 4 கோடி டன்னை ஒட்டி வந்துவிட்டது.

கணக்கு உதைப்பது காட்டில். 2035இல் உமிழ்வு சுமார் 2.1 கோடி டன்னாகக் குறையும், காடும் மண்ணும் அதே அளவை உறிஞ்சிக்கொள்ளும், கழித்தால் பூஜ்ஜியம் என்றுதான் இலக்கு வகுத்தார்கள். ஆனால் 2021ஆம் ஆண்டுக் கணக்கை முடித்தபோது, காடு, வயல், சதுப்பு எல்லாம் சேர்ந்த நிலப்பயன்பாட்டுத் துறை, உறிஞ்சியதைவிட அதிகமாக வெளியிட்டிருந்தது. இப்படி ஆனது அதுவே முதல் தடவை. நிலப்பரப்பில் முக்கால் பங்கு காடாக உள்ள நாட்டில்!

காரணம் ஒன்றல்ல. மரம் வெட்டுவது கூடியது. பைன் மரங்களின் வளர்ச்சி மந்தப்பட்டது. ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மரம் 2022இல் நின்றுபோனதால் உள்நாட்டுக் காட்டின் மேல் சுமை ஏறியது. விறகும் சில்லும் எரிக்கும் ஆலையின் உமிழ்வை எரிசக்திக் கணக்கில் பூஜ்ஜியம் என்றுதான் எழுதுவார்கள். மரம் வெட்டிய இடத்தில், நிலப்பயன்பாட்டுக் கணக்கில் அது இழப்பாக ஏறிவிடும். நிலக்கரியை மூடிய பெருமை ஒரு பக்கத்தில் ஏற, அதன் செலவில் ஒரு பகுதி மறுபக்கத்தில் ஏறியது. விதி அப்படி, ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கைதட்டக் கூடாது.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் மண்ணில் இருக்கிறது. பின்லாந்தின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒரு காலத்தில் சதுப்பு. தண்ணீரில் மூழ்கிய பாசி மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண்ணுக்கு பீட் என்று பெயர். 1960, 70களில் அரசு மானியம் கொடுத்து இந்தச் சதுப்புகளில் வாய்க்கால் வெட்டச் சொன்னது. முப்பது, நாற்பது மீட்டருக்கு ஒரு வாய்க்கால். ஏறத்தாழ பாதிச் சதுப்பு வடிந்தது, அங்கே மரமும் நன்றாக வளர்ந்தது. ஆனால் தண்ணீர் இறங்கிய மேல்மண்ணுக்குள் காற்று புகும். காற்று புகுந்தால் நுண்ணுயிர்கள் பீட்டைத் தின்று கரியமில வாயுவாக விடும். சத்து மிகுந்த மண்ணில் இந்த இழப்பு மரம் சேர்த்துவைப்பதையும் மிஞ்சலாம்.

கோடையின் கடைசியில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 35, 40 சென்டிமீட்டரில் இருந்தாலே மரத்துக்குப் போதும். அதற்கும் கீழே இறக்கினால் பீட்தான் வீணாகும். ஹெக்டேருக்கு 120 முதல் 150 கன மீட்டர் மரம் நின்றால், அந்த மரங்களே தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கி மட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். வாய்க்காலைத் தூர்வாரவே வேண்டாம். அந்தக் காட்டை மொட்டையடித்து வெட்டினால் கதை தலைகீழாகும். உறிஞ்ச ஆளில்லாமல் தண்ணீர் மேலே ஏறும், மீத்தேன் கிளம்பும், நட்ட கன்று அழுகும். உடனே வாய்க்காலை ஆழப்படுத்துவார்கள். பாஸ்பரசும் பழுப்பு நீரும் ஏரிக்குப் போகும்.

அதனால்தான் பெரிய மரங்களின் அடியில் கன்றுகள் தானாக முளைக்கும் ஸ்புரூஸ் (ஒரு வகை ஊசியிலை மரம்) சதுப்புகளில், பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டும் முறையை இப்போது பரிந்துரைக்கிறார்கள். பதினைந்து, இருபது ஆண்டுக்கு ஒருமுறை அப்படி வெட்டலாம். இதிலும் வில்லங்கம் உண்டு. பெரும்பாலும் தரை உறைந்திருக்கும்போதுதான் கனரக இயந்திரம் இறங்க முடியும். மழைக்காலம் போன்ற குளிர்காலம் வந்தால் சக்கரம் புதைந்து வேரைக் கிழிக்கும். காயம்பட்ட ஸ்புரூஸ் வேரில் அழுகல் நோய் ஏறும்.

விறகு எரிக்கும் மின்னாலைகளின் சாம்பலைக் குருணையாக்கி ஹெக்டேருக்கு 3 முதல் 5 டன் உரமாகத் தூவுவதும் நடக்கிறது. சாம்பலில் பாஸ்பரசும் பொட்டாசியமும் உண்டு, நைட்ரஜன் கிடையாது. எனவே பீட்டில் நைட்ரஜன் உள்ள இடத்தில்தான் பலன். ஏழை மண்ணில் தூவினால் காசு கரியாகும்.

மரமே சரியாக வளராத சதுப்பை மீண்டும் நனைப்பது நல்லது. வாய்க்காலைப் பீட் கொண்டு மூடி, நடுநடுவே அணை போடுவார்கள். அணை சுற்றுத் தரையைவிட உயரமாகவும், இரு கரையையும் தாண்டி அகலமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பனி உருகும் வேகத்தில் தண்ணீர் ஓரத்தை அரித்துக்கொண்டு பழைய தடத்திலேயே ஓடிவிடும். முதல் சில ஆண்டுகள் மீத்தேனும் பாஸ்பரசும் கூடுதலாக வெளிவரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரைக்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இதே மண் வயலாக இருக்கும் இடத்தில் பாடு இன்னும் கடினம். பீட் வயல்கள் மொத்த விளைநிலத்தில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் விவசாய உமிழ்வில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அந்த வயலை நனைத்தால் மாட்டுத் தீவனம் எங்கே விளையும் என்று பால் பண்ணைக்காரர் கேட்பார். காட்டிலும் நிலைமை அதுவே: பெரும்பகுதி தனியார் கையில், உரிமையாளர்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர். சட்டத்தில் ஆண்டைக் குறிப்பது எளிது. இந்த 6 லட்சம் பேரில் ஒருவர், நன்றாக விலை போகும் மரத்தை விட்டுவைத்தால் அவருக்கு யார், எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குக் கொடுப்பார்கள் என்பதை எழுதுவதுதான் இப்போது ஹெல்சிங்கியில் பாக்கியிருக்கும் வேலை.