வனவியல் படித்தவர்களுக்கு வேலை எங்கே இருக்கிறது?

அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பின்னால் வரிசை பிடித்து நிற்பவை சவுக்கு மரங்கள். கடலூர் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில், ஒரு விவசாயியின் பட்டா நிலத்தில், அவருடைய அனுமதியோடு நின்று பேசுகிறேன். வனவியல் துறை வேலைகளைப் பற்றிப் பேசுவதற்கு முதுமலைக்கோ டாப்சிலிப்புக்கோ போகாமல் இந்தத் தோப்புக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் ஆலைகளுக்குப் போகும் மரத்தின் பெரும்பகுதி இன்று அரசுக் காடுகளிலிருந்து வருவதில்லை. இதுபோன்ற விவசாய நிலங்களிலிருந்துதான் வருகிறது. மரம் தெரிந்தவர்களுக்கான வேலையும் அதன் பின்னாலேயே இங்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் எனக்கு அனுப்பும் கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ‘வனவியல் படித்தால் ஐ.எஃப்.எஸ். என்னும் இந்திய வனப் பணித் தேர்வை எழுதலாம் என்கிறார்கள், அது கிடைக்காவிட்டால் நான்கு ஆண்டுப் படிப்பு வீண்தானே?’ என்பதே அந்தக் கேள்வி. வீண் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் அதை நீங்கள் நம்ப வேண்டுமானால், இந்த வேலைகள் எப்படிக் காட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தன என்ற வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1988-இல் வந்த தேசிய வனக் கொள்கை, காட்டை வருவாய் தரும் சொத்தாகப் பார்த்த பழைய பார்வையை மாற்றி, சூழல் சமநிலையே முதல் நோக்கம் என்று அறிவித்தது. ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காடுகளில் தேடாமல், மரம் வளர்ப்பவர்களோடு நேரடியாகத் தொடர்பு வைத்துப் பெற வேண்டும் என்றும் அது கூறியது. அதன் பிறகு 1995-இல், நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று அந்த வழக்கில் வந்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதையும் கட்டுப்படுத்தியது. நிலம் யாருடைய பெயரில் இருந்தாலும், காடு என்ற சொல்லின் அகராதிப் பொருளுக்குப் பொருந்தினால் அது காடுதான் என்றும், மத்திய அரசு ஒப்புக்கொண்ட வொர்க்கிங் பிளான், அதாவது காட்டை நிர்வகிப்பதற்கான செயல்திட்டம், இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. நம்முடைய கூடலூரில் கிளம்பிய ஒரு வழக்கு, இந்திய வனத்துறையின் அன்றாட வேலையையே மாற்றி எழுதியது என்பதை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அந்த வொர்க்கிங் பிளானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வனவியலின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வனக்கோட்டத்துக்கும் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் எழுதப்படுகிறது. கோட்டத்தில் எந்த வகைக் காடு எவ்வளவு பரப்பில் இருக்கிறது, எந்தப் பருமனில் எத்தனை மரங்கள் நிற்கின்றன, இயற்கையாக முளைக்கும் கன்றுகள் பிழைக்கின்றனவா, தீ எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சுற்றியுள்ள கிராமங்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் எதைச் சார்ந்திருக்கின்றன என்பதையெல்லாம் களத்தில் அளந்து, அதன்பிறகு எந்தப் பகுதியைத் தொடாமல் விடுவது, எதில் என்ன செய்வது என்று முடிவு செய்கிறார்கள். விதைநெல்லைத் தொடாமல் விளைந்ததை மட்டும் உண்ணும் குடும்பத்தைப் போல, காடு ஓர் ஆண்டில் வளரும் அளவுக்கு மேல் அதிலிருந்து எதையும் எடுக்காமல் இருப்பதுதான் இதன் அடிப்படை. இந்தத் திட்டங்களை எப்படி எழுத வேண்டும் என்பதற்கான தேசிய விதித்தொகுப்பு 2004-இல் முதன்முதலாக வெளிவந்து, 2014-இலும் 2023-இலும் திருத்தப்பட்டது. மண்ணின் கரிமம், காட்டின் நீர்வளம், பல்லுயிர் என்று அளக்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போவதால், அளக்கத் தெரிந்த இளைஞர்களின் தேவையும் கூடியிருக்கிறது.

அளப்பது இந்தத் தொழிலில் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. 1864-இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், அதற்கு முன்பு பர்மாவின் பெகு பகுதியில் தேக்கு மரங்களை எண்ணியவர். யானையின் மேல் அமர்ந்து காட்டுக்குள் போகும்போது அவர் கையில் நான்கு மூங்கில் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு பருமன் வகைக்கு உரியது. ஒரு தேக்கு கண்ணில் பட்டால் அதற்கு உரிய துண்டில் கத்தியால் ஒரு வெட்டு போடுவார். இவ்வளவுதான் அவருடைய கருவி. ஆனால் அந்தக் கணக்கை வைத்துத்தான் ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்ற வரம்பை அவரால் வகுக்க முடிந்தது.

இன்று முதுமலையில் 50 ஹெக்டேர் பரப்புள்ள நிரந்தர ஆய்வுத் திடல் ஒன்று இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988-இல் அமைத்த திடல் அது. அதற்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமன் உள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பதிவு செய்கிறார்கள். வறட்சி வந்த ஆண்டு, தீ பிடித்த ஆண்டு, யானை கிளையை முறித்த ஆண்டு என ஒரு காட்டின் தலைமுறைக் கதை அங்கே எண்களாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் படமும் டிரோனும் பெரிய உதவிதான். இருந்தாலும் மரத்தைக் கட்டிப்பிடித்து நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளக்கும் வேலையை அவை ஒழித்துவிடவில்லை, ஏனென்றால் வானத்திலிருந்து கிடைக்கும் மதிப்பீடு சரிதானா என்று தரையில் அளந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. புவித்தகவல் மென்பொருள், புள்ளியியல், தாவர அடையாளம் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அவர் நெடுநாள் வேலை தேட வேண்டியிருக்காது என்பது என் கணிப்பு.

இனி இந்தச் சவுக்குத் தோப்புக்கு வருவோம். காகித ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டும். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மையான மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கப்பட்ட ஆலை. அதற்கும் மரக்கூழ் தேவைப்படுவதால், விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்து சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் திட்டத்தை நடத்துகிறது. இத்தகைய திட்டங்களில் களப்பணி அலுவலராகச் சேரும் வனவியல் பட்டதாரி என்ன செய்கிறார் என்பதைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எந்த மண்ணுக்கு எந்தக் குளோன், அதாவது தேர்ந்தெடுத்த தாய்மரத்தின் நகல் கன்று, பொருந்தும் என்று சொல்ல வேண்டும். நாற்றங்காலில், ஈரம் குறையாத பனிமூட்ட அறையில் கிளைத் துண்டுகளை வேர்விட வைக்க வேண்டும். நெருக்கமாக நட்டால் பந்தல் கழியும் சாரக் கழியும் கிடைக்கும், இடைவெளி விட்டால் மரம் பருக்கும் என்பதை விவசாயியின் பணத் தேவையோடு சேர்த்துப் பேச வேண்டும். சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்பதை விளக்கினால், உரச் செலவைக் குறைக்க விவசாயியே முன்வருவார். அறுவடை நாளில் எடையும் விலையும் நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வேலையின் பகுதிதான்; அதைச் சரியாகச் செய்யாத ஆலையிடம் அடுத்த முறை யாரும் மரம் வளர்த்துக் கொடுக்க மாட்டார்கள்.

இந்தக் குளோன்களுக்குப் பின்னால் ஆராய்ச்சி இருக்கிறது. கோயம்புத்தூரில் 1988-இல் தொடங்கப்பட்ட வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் சவுக்கு, தைலமரம் ஆகியவற்றில் மேம்பட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, மலைவேம்பு போன்ற விரைவாக வளரும் மரங்களை விவசாயிகளிடமும் ஆலைகளிடமும் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு ஆற்றியது. ஆராய்ச்சியில் நாட்டம் உள்ளவர்கள் முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்து இத்தகைய நிறுவனங்களுக்குப் போகலாம்.

மரத்தை வளர்த்தால் போதாது, அது முறையாக வளர்ந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று வெளிநாட்டுச் சந்தைகள் கேட்கத் தொடங்கியிருப்பது இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறது. எஃப்.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சான்று அமைப்பு 1993-இல் தோன்றியது. இந்திய அரசு தனக்கென ஒரு வன மற்றும் மரச் சான்றுத் திட்டத்தை 2023 டிசம்பரில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், காபி, ரப்பர், கொக்கோ, மரம் உள்ளிட்ட பொருள்கள் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தவை அல்ல என்று காட்டச் சொல்கிறது. அதற்கு நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரங்கள் தேவை. சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டாலும், காபித் தோட்டங்களின் எல்லைகளைக் கருவியோடு நடந்து பதிவு செய்யும் வேலை நம் நாட்டில் தொடங்கிவிட்டது. கூடலூரிலும் ஏற்காட்டிலும் பழனி மலையிலும் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் இந்த ஆவண வேலையில் தோற்றுப்போகாமல் இருக்க, அவர்கள் பக்கம் நின்று உதவும் வனவியலாளர்கள் வேண்டும். பெரிய தோட்டங்களுக்கு ஆலோசகர்கள் தாமாகக் கிடைத்துவிடுவார்கள். என் கவலையெல்லாம் சிறியவர்களைப் பற்றித்தான்.

காட்டுக்குள்ளும் புதிய வேலைகள் உண்டு. காட்டை ஆக்கிரமிக்கும் அந்நியத் தாவரங்களில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் நீங்கள் அறிந்தவை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சள் பூ மரம் பரவி, அதன் அடியில் புல் முளைக்காமல் செய்கிறது. புல் இல்லையென்றால் மானும் யானையும் வேறு இடம் தேடுகின்றன. அந்த மரத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்த்துவிடும். ஆகையால் பட்டையை உரிப்பதா, வேரோடு பிடுங்குவதா, அகற்றிய இடத்தில் எந்த உள்ளூர்ப் புல்லை விதைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் பல மழைக்காலங்கள் கண்காணித்துத்தான் விடை காண முடியும். அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான தனிக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. அகற்றிய சென்னா மரங்கள் காகிதக் கூழுக்குப் போகின்றன. உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு கூடலூர்ப் பகுதியின் பழங்குடி மக்கள் ஆளுயரத்துக்கு மேற்பட்ட யானை உருவங்களையும் நாற்காலிகளையும் செய்கிறார்கள்.

பழங்குடி மக்களின் அறிவைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தாங்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவந்த காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. அந்த உரிமை கிடைத்த ஊர்களில், காட்டை எப்படிப் பேணுவது என்ற திட்டத்தை மக்களோடு உட்கார்ந்து எழுத உதவுவதும் வனவியலாளரின் வேலைதான். கோத்தகிரியில் 1993 முதல் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை தேன் எடுப்போரிடமிருந்து தொடங்கி இத்தகைய பணிகளைச் செய்துவருகிறது. பட்டம் பெற்று அங்கே போகிறவர்கள், முதலில் கேட்கப் பழக வேண்டும். தேனடையில் எவ்வளவை எடுத்து எவ்வளவை விடுவது என்பது குறும்பருக்கும் இருளருக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு.

அரசு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐ.எஃப்.எஸ். பணிக்கு வனவியல், வேளாண்மை, பொறியியல் ஆகியவற்றில் பட்டம் பெற்றோரும், தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம் போன்ற பாடங்களில் ஒன்றைப் படித்த பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். முதல்நிலைத் தேர்வு குடிமைப் பணித் தேர்வோடு பொதுவானது. நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் நடக்கும் சோதனை உண்டு, பயிற்சி டேராடூனில். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் உதவி வனப் பாதுகாவலர், வனத்தொழில் பழகுநர் ஆகிய பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் 2024-இல் குரூப் நான்கு தேர்வோடு சேர்க்கப்பட்டன.

இந்தக் கடைநிலைப் பணிகளைத் தாழ்வாக நினைக்காதீர்கள். ஒரு காவல்சுற்றில் எந்த ஓடை எப்போது வற்றும், எந்த யானைக் கூட்டம் எந்த வழியில் இறங்கும் என்பதை வனக்காப்பாளரும், பெரும்பாலும் பழங்குடியினரான வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான் அறிவார்கள். கோடையில் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்வதும், புகை கண்ட இடத்துக்கு ஓடிப்போய்ப் பச்சைக் கொப்புகளால் அடித்து அணைப்பதும் அவர்கள்தான். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். இவ்வளவு ஆபத்தான வேலையைச் செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலர் தற்காலிக ஊழியர்களாகவே இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நாளை நீங்கள் அதிகாரியாகப் போனால், அவர்களுடைய பணிப் பாதுகாப்பைப் பற்றிக் கோப்பில் எழுதுங்கள்.

படிப்பு எங்கே என்று கேட்டால், தமிழ்நாட்டில் முதல் இடம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி. அறிவியல் பாடங்களோடு பிளஸ் டூ முடித்தவர்கள் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகச் சேரலாம். கேரளத்தில் திருச்சூரை அடுத்த வெள்ளாணிக்கரையிலும், கர்நாடகத்தில் சிர்சியிலும் பொன்னம்பேட்டையிலும் கல்லூரிகள் உள்ளன. பட்டத்துக்குப் பிறகு நிர்வாகம் படிக்க விரும்புவோருக்குப் போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் அங்கே சேரலாம் என்பதால், இயற்பியலோ வணிகவியலோ படித்துவிட்டுத் தாமதமாகக் காட்டின் மேல் ஆர்வம் வந்தவர்களுக்கு அது நல்ல வழி.

சேரும் முன்பு ஒரு நாள் கோயம்புத்தூருக்கு வந்து, ஆர்.எஸ். புரத்தில் உள்ள வன வளாகத்தைப் பாருங்கள். 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. மரத் துண்டுகளையும் பழைய கருவிகளையும் பார்த்துவிட்டு, அதே வளாகத்தில் உள்ள மரபியல் நிறுவனத்தின் அலுவலகத்தில், மாணவர்கள் நாற்றங்காலைப் பார்க்க எந்த நாளில் அனுமதிப்பார்கள் என்று கேளுங்கள். கல்வித்தகுதி, வயது வரம்பு, காலியிடம் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிக்கையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த காணொளியில் மலைவேம்பு நாற்றங்கால் வைத்து நடத்தும் இளம் பட்டதாரிகளின் வரவு செலவுக் கணக்கைப் பற்றி விரிவாகப் பேசுகிறேன். அதில் உங்களுக்குத் தெரிய வேண்டியவற்றை இப்போதே கீழே எழுதிவிடுங்கள்.