லொக் பைலை அழிக்காதீங்க

வணக்கம் நேயர்களே. கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளையளோட நான் திருகோணமலையில கனகாலமா வேலை செய்யிறன். பக்கேஜ், அதாவது மற்ற ஆக்கள் எழுதின கோட் பொதி, பழுது எண்டு எரர் வந்தவுடன அவையள் முதல் செய்யிறது லொக் பைலை, அதாவது எந்தப் பக்கேஜில எந்த வெர்சன் எண்டு எழுதி வைக்கிற பைலை, அழிக்கிறது. இண்டைக்கு அதைப் பற்றித்தான் கதைக்கப்போறன், தயவுசெய்து அதை அழிக்காதீங்க.

இந்தத் துறையில இல்லாத ஆக்களுக்கும் விளங்கவேணும். சொப்ட்வெயார் செய்யிற ஆள் எல்லாத்தையும் தானே எழுதுறேல்ல, மற்ற ஆக்கள் எழுதி இலவசமா வச்சிருக்கிறதை இறக்கி எடுக்கிறது, ஒண்டை எடுத்தா அது வேற நாலைக் கேக்கும், அந்த நாலும் இன்னும் கேக்கும், சின்ன வெப்சைட்டுக்கே நூற்றுக்கணக்கில வந்து இறங்கும். இதுகளில ஒண்டு பாதியில அறுந்து வந்தா எப்பிடித் தெரியும்? கொழும்பில இருந்து பஸ்ஸில பார்சல் போடுற ஆள் எத்தினை கிலோ எண்டு போன்ல சொல்லிவிடுவார், நாங்க இங்க எடுக்கேக்க நிறுத்துப் பாப்பம், அப்பிடித்தான். ஆனா இந்தத் தராசு பொல்லாதது, உள்ளுக்க ஒரு எழுத்து மாறினாலும் முழு இலக்கமும் மாறிப்போகும். அதுக்குப் பேர் ஹாஷ். ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜுகளை இறக்கித் தாற கருவிக்குப் பேர் என்பிஎம், 2017ல அதின்ர அஞ்சாம் வெர்சன் வந்ததில இருந்து அந்த ஹாஷுகள் லொக் பைலுக்குள்ளதான் இருக்கு. அதை அழிச்சா முந்தி இறக்கினது எது எண்டு சொல்ல உங்களிட்ட ஒண்டும் இல்ல.

ஒரு பயிற்சி வகுப்பில நடந்ததைச் சொல்லுறன், ஆர் எவர் எண்டு வேண்டாம். பிள்ளையளின்ர டேட்டா மிச்சம் பிடிக்க அங்க உள்ளுக்கையே ஒரு மிரர் சேவர், அதாவது பக்கேஜுகளின்ர பிரதியைச் சேமிக்கிற கொம்பியூட்டர், வச்சிருந்தவை, நல்ல யோசனை, ஒரு தடவை இறக்கினதை எல்லாருக்கும் குடுக்கலாம். மாரி காலம், கரண்ட் போய்ப் போய் வருது. ஒரு நாள் கிண்ணியாவில இருந்து வாற தங்கச்சி ஒராளுக்கு இன்டெக்ரிட்டி எரர், அதாவது ஹாஷ் பொருந்தேல்ல எண்டு. முந்தி இறக்கினதைக் கொம்பியூட்டர் சேமிச்சு வச்சிருக்கிற கேஷை அழிச்சா, பக்கேஜுகள் இருக்கிற நோட் மொடியூல்ஸ் போல்டரை அழிச்சா, திரும்பத் திரும்ப அதே எரர், பிறகு பக்கத்தில இருந்த தம்பிக்கும் அதேதான். லொக் பைலையும் அழிப்பம் எண்டு வெளிக்கிட்டவையை நான் மறிச்சு, அந்த எரரை வாசியுங்கோ எண்டன். அதில எதிர்பார்த்த ஹாஷ், வந்த ஹாஷ், வந்தது எத்தினை பைட் எண்டு எல்லாம் இருக்கும். ரெண்டு பேருக்கும் வந்த ஹாஷ் ஒண்டு, பைட்டும் ஒண்டு!

இதைக் கட்டாயம் ஞாபகம் வச்சிருங்க. வந்த ஹாஷ் ஒவ்வொரு தடவையும் வேற வேற எண்டா லைன் அறுபடுது, இல்லாட்டி உங்கட மெமரியோ டிஸ்க்கோ பழுது. ஒவ்வொரு தடவையும் அதே பிழையான ஹாஷ் எண்டா எங்கயோ ஒரு பிழையான பைல் சேமிச்சுக் கிடக்குது. கரண்ட் போன நேரம் மிரருக்குள்ள பாதி பைல் எழுதுப்பட்டு அப்பிடியே இருந்திருக்கு. போன் ஹொட்ஸ்பொட்டில பக்கேஜுகளை எல்லாரும் இறக்கிற மெயின் ரெஜிஸ்ட்ரியில இருந்து எடுக்க ஒரேயடியா வந்திட்டுது, மிரரில அந்த ஒரு பைலை மட்டும் அழிச்சம், வகுப்பு முழுக்கச் சரி.

லொக் பைலை அழிச்சா சிலவேளை எரர் போகும்தான், அதுதான் எனக்குப் பயம். ஏனெண்டா வெர்சனுகள் எல்லாம் புதுசா மாறி வரும். 2018ல ஈவென்ட் ஸ்ட்ரீம் எண்ட பக்கேஜின்ர புது வெர்சனுக்குள்ளால பிட்கொயின் திருடுற கோட் வந்தது, பழைய வெர்சனை லொக் பண்ணி வச்சிருந்த ஆக்களுக்கு அது இறங்கேல்ல. அந்தப் பைல் உங்களைக் காக்குது, திரும்பவும் சொல்லுறன், அழிக்காதீங்க.

நேரம் முடியுது எண்டு காட்டினம், கெதியாச் சொல்லுறன். முதல் என்பிஎம் கேஷ் வெரிபை எண்ட கொமாண்ட், சரிவராட்டி கேஷ் கிளீன், அதுக்குப் போர்ஸ் எண்ட சொல்லையும் சேத்துப் போடவேணும், பிறகு என்பிஎம் சிஐ, அது நோட் மொடியூல்ஸைத் தானே அழிச்சு லொக் பைலில இருக்கிறதை அப்பிடியே போடும். பைதன் ஆக்கள், பக்கேஜ் இறக்கிற பிப்புக்கு நோ கேஷ் டிர் எண்டு போடுங்க, அது கேஷைப் பாக்காது. ஜாவா ஆக்கள், இறக்கின லைப்ரரிகள் இருக்கிற எம்2 போல்டர் முழுக்க அழிச்சுப்போட்டு டேட்டாவைக் கரைக்காதீங்க, பழுதான லைப்ரரியின்ர போல்டரை மட்டும் அழிச்சாக் காணும். நன்றி, வணக்கம்.