பொண்ணை ஃபுட்பால் கிளப்ல சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கிரவுண்டுல உட்காருங்க | சேலம் வ்லாக்

வணக்கம்ங்க. ஆறு வயசுல இருந்து பதினோரு வயசு வரைக்கும் பொண்ணு வச்சிருக்கற சேலம் அப்பா அம்மாக்களுக்கான வீடியோ இது. "பாப்பாவுக்கு ஃபுட்பால்னா உசுரு, எந்த அகாடமில சேர்க்கலாம்"னு நிறையப் பேர் கேட்கறீங்க. நான் எந்த அகாடமி பேரும் சொல்லப் போறதில்லைங்க. ஒரு கோச் மாறினா அதே இடம் ஆறு மாசத்துல வேற மாதிரி ஆயிடும். அதனால எதைப் பார்க்கணும், என்ன கேட்கணும்னு சொல்றேன். முடிவு நீங்க எடுங்க.

ஃபீஸ் எவ்வளவுன்னு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி, ஒரு பிராக்டிஸை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் உட்கார்ந்து பாருங்க. ஆஃபீஸ் ரூம்ல அடுக்கி வச்சிருக்கற கோப்பையெல்லாம் பெரிய பசங்க வாங்கினது. எட்டு வயசுக் குழந்தைக்கு அங்க என்ன நடக்குதுன்னு அதுல தெரியாது. செவ்வாய், புதன் மாதிரி சாதாரண நாள்ல போங்க. நல்லா ஆடற குழந்தையப் பார்க்காதீங்க. அது எங்க போனாலும் பந்தைப் பிடிச்சுக்கும். சுமாரா ஆடற, ஓரமா ஒதுங்கி நிக்கற ஒரு குழந்தையப் பாருங்க. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு பத்து நிமிஷம் அந்தக் குழந்தைய மட்டும் கவனிங்க. பந்து எத்தனை தடவை கால்ல பட்டுச்சு, எவ்வளவு நேரம் வரிசைல நின்னுச்சுன்னு குறிச்சுக்கங்க.

இது ஏன்னு கணக்குப் போட்டுக் காட்டறேன். பன்னண்டு குழந்தைங்க, ஒரே வரிசை, ஒரே கோல். ஒருத்தர் ஓடி வந்து அடிச்சு ஒதுங்கறதுக்கு 15 செகண்ட்னு வைங்க. அப்ப ஒரு குழந்தையோட முறை வர்றதுக்கு 3 நிமிஷம். 15 நிமிஷம் அந்த டிரில் நடந்தா, ஒரு குழந்தை பந்தை உதைக்கறது 5 தடவை. மீதி நேரம் நின்னு மண்ணை நோண்டிக்கிட்டிருக்கும். அதே பன்னண்டு பேருக்கு ஆளுக்கு ஒரு பந்தைக் குடுத்து, கோன் வச்சு, உருட்டிக்கிட்டே திரும்பு, நிறுத்து, மாத்துன்னு விட்டா, அதே 15 நிமிஷத்துல நூத்துக்கணக்கான தடவை பந்து கால்ல படும். இந்த வயசுல பந்தோட பழகறதுதாங்க கத்துக்கறதே.

அதனால வண்டிய நிறுத்திட்டு உள்ள போனதும் பந்தை எண்ணுங்க. பதினாறு குழந்தைங்களுக்கு நாலு பந்துதான் இருக்குன்னா அந்த இடம் வேண்டாம். ஒரு கோச்சுக்கு பத்துல இருந்து பன்னண்டு குழந்தைங்க இருந்தா நல்லது. பதினாறு வரைக்கும் சமாளிக்கலாம். இருபத்தஞ்சு பேர், ஒரு கோச், கழுத்துல விசில்னா, அங்க கூட்டத்தை ஒழுங்குபடுத்தறதுலயே நேரம் போயிடும். வந்ததும் கிரவுண்டைச் சுத்தி அஞ்சு ரவுண்டு ஓடச் சொல்றாங்களான்னும் பாருங்க. சின்னக் குழந்தைங்களுக்கு அது தேவையே இல்ல. பந்தை வச்சுக்கிட்டே உடம்பைச் சூடேத்தலாம். லேட்டா வந்ததுக்கும் தப்பா பாஸ் பண்ணினதுக்கும் தண்டனையா ஓட விடற இடத்துல, குழந்தைக்கு ஓடறதே வெறுத்துப் போயிடும்.

கடைசி இருபது நிமிஷம் மேட்ச் வைப்பாங்க. அதையும் கவனிங்க. எட்டு வயசுக் குழந்தைங்கள முழு கிரவுண்டுல பதினொண்ணுக்குப் பதினொண்ணு விடற பழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு. பெரியவங்க கோல் போஸ்ட் உயரம் 2.44 மீட்டர், அகலம் 7.32 மீட்டர். எட்டு வயசுப் பொண்ணோட உயரம் ஏறக்குறைய அதுல பாதிதான். அந்தக் குழந்தையக் கோல்கீப்பரா நிறுத்திட்டு, தலைக்கு மேல அடிச்சு "கோல்"னு கத்தறதுல யாரும் ஒண்ணும் கத்துக்கறதில்ல. நாலுக்கு நாலு, அஞ்சுக்கு அஞ்சு, பத்து வயசுக்கு மேல ஏழுக்கு ஏழு, சின்னக் கிரவுண்டு, சின்னக் கோல். இப்படி நடத்தற கோச்சுக்கு விஷயம் தெரியும்னு அர்த்தம்.

பந்தோட சைஸ். இதோ கைல மூணு பந்து வச்சிருக்கேன், பாருங்க. எட்டு வயசு வரைக்கும் சைஸ் 3, அதுக்கு மேல பன்னண்டு வரைக்கும் சைஸ் 4, பதிமூணுல இருந்துதான் சைஸ் 5. சைஸ் 5 பந்து 410-ல இருந்து 450 கிராம், சுற்றளவு 68-ல இருந்து 70 சென்டிமீட்டர். அதை ஏழு வயசுப் பாப்பா கால்ல குடுத்தா, வலிக்காம இருக்க விரல் நுனியால குத்தும், இல்லன்னா உடம்பைச் சாய்ச்சு அடிக்கும். அந்தப் பழக்கத்தை அப்புறம் மாத்தறது பெரும்பாடு. பெரிய பந்து ஒண்ணு இருந்தா எல்லா பேட்ச்சுக்கும் ஆச்சுன்னு காசை மிச்சம் பண்ற இடம் நிறைய இருக்கு. கேட்டுடுங்க.

ஹெட்டிங்கும், அதாவது பந்தைத் தலையால முட்டறதும் அப்படித்தான். அமெரிக்காவுல 2015-லயே பத்து வயசும் அதுக்குக் கீழயும் உள்ள குழந்தைங்களுக்கு ஹெட்டிங் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. இங்கிலாந்துல 2020-ல பிரைமரி வயசுக் குழந்தைங்க பயிற்சில ஹெட்டிங்கை நிறுத்திட்டாங்க. இங்க எட்டு வயசுக் குழந்தைக்கு மேல இருந்து பந்தைப் போட்டு "தலையக் குடு, தலையக் குடு"ன்னு ஒரு கோச் சொன்னா, அவர்கிட்ட நேரா பேசுங்க.

சரி, பொண்ணுன்னு வரும்போது கூடுதலாப் பார்க்க வேண்டியது இருக்கு. பன்னண்டு வயசு வரைக்கும் பசங்களோட சேர்ந்து ஆடறதுல ஒரு தப்பும் இல்லைங்க, நல்லதுதான். ஆனா முப்பது பசங்களுக்கு நடுவுல ஒரே ஒரு பொண்ணுன்னா, ஆறு மாசத்துல பெரும்பாலும் நின்னுடும். கூட மூணு நாலு பொண்ணுங்களாவது இருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா உங்க தெருவுல, ஸ்கூல்ல ரெண்டு பேரைப் பேசிச் சேர்த்துக்கிட்டுப் போங்க. மேட்ச்ல பசங்க அவளுக்குப் பாஸ் குடுக்கறாங்களா? குடுக்கலைன்னா கோச் நிறுத்திச் சொல்றாரா? பொண்ணுன்னாலே கோல்கீப்பர், இல்லன்னா பின்னாடி டிஃபென்ஸ்னு ஒதுக்கி வைக்கறாங்களா? "என்னடா பொம்பளப் புள்ளை மாதிரி ஆடற"ங்கற வார்த்தை கோச் வாயில இருந்து ஒரு தடவை வந்தாலும் அந்த இடம் உங்க பொண்ணுக்கு இல்லைங்க. அதுல பேச்சுக்கே இடமில்ல.

டாய்லெட் இருந்தா மட்டும் போதாது, நீங்களே உள்ள போய்ப் பாருங்க. தாழ்ப்பாள் விழுதா, தண்ணி வருதா, சாவி யார்கிட்ட இருக்கு? பத்துப் பதினோரு வயசுல மாதவிடாய் ஆரம்பிக்கற குழந்தைங்க இருக்காங்க. "இன்னைக்கு முடியலை"ன்னு கூச்சமில்லாம சொல்ல அங்க ஒரு பெண் கோச்சோ உதவியாளரோ வேணும். டாய்லெட் சரியில்லைங்கறதுக்காக தண்ணி குடிக்காம வர்ற குழந்தைங்க இருக்காங்க. சேலம் வெயில்ல அது ஆபத்து. டிரெஸ்ல கட்டாயம் பண்ணக் கூடாது. ஷார்ட்ஸுக்குள்ள லெக்கிங்ஸ் போட்டுக்கலாம். தலைல ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு ஆடறதுக்கு சர்வதேச விதில 2014-லயே அனுமதி வந்தாச்சு. யாராவது முடியாதுன்னா இதைச் சொல்லுங்க.

அடுத்தது முட்டி. வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு, பசங்கள விட முட்டில ஏசிஎல் ஜவ்வு கிழியற வாய்ப்பு அதிகம். குதிச்சு இறங்கும்போதும் சடார்னு திரும்பும்போதும் முட்டி உள்பக்கமா மடங்கறது முக்கியமான காரணம். இறங்கற விதத்தைச் சின்ன வயசுலயே பழக்கிட்டா இதைக் குறைக்கலாம். ஃபிஃபா 11+ கிட்ஸ்னு ஏழு பயிற்சி இருக்கு, ஏழு வயசுல இருந்து பதிமூணு வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு. ஒத்தைக் கால்ல நிக்கறது, தாவி இறங்கறது, கைய ஊணி உடம்பைத் தாங்கறது, உருள்றது இப்படி. 15, 20 நிமிஷத்துல முடிஞ்சிடும். தொடர்ந்து செஞ்ச அணிகள்ல காயம் ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சதுன்னு ஆய்வுல வந்திருக்கு. "வார்ம்-அப் என்ன பண்றீங்க"ன்னு கோச்சைக் கேளுங்க. ஓடறதும் குனிஞ்சு காலைத் தொடறதும் மட்டும்தான்னா, இதைப் பத்தி அவருக்குத் தெரியலை. சொன்னா கத்துக்கறாரான்னு பாருங்க. கத்துக்கறவரா இருந்தா அவர் நல்ல கோச்.

கோச்சோட தகுதி. "ஸ்டேட் ஆடினவர், ஏ டிவிஷன் ஆடினவர்"னு சொல்வாங்க. ஆடத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் குழந்தைக்குச் சொல்லிக் குடுக்க வந்துடாது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோட டி லைசென்ஸ் இருக்கா, இல்ல அதுக்கு மேல ஏஎஃப்சி, அதாவது ஆசியக் கால்பந்து சம்மேளனத்தோட சி லைசென்ஸ் இருக்கான்னு கேளுங்க. சர்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்றதுல தயக்கம் வேண்டாம். யார் பேர்ல லைசென்ஸ் இருக்கோ, அவரே உங்க பாப்பா பேட்ச்சை எடுக்கறாரான்னும் பாருங்க. பேர் ஒருத்தர், கிரவுண்டுல நிக்கறது காலேஜ் பையன்ங்கறது சகஜம்.

பாதுகாப்புல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். எந்த நேரமும் குறைஞ்சது ரெண்டு பெரியவங்க கிரவுண்டுல இருக்கணும். குழந்தைக்குத் தனியா வாட்ஸ்ஆப் மெசேஜ் அனுப்பக் கூடாது. அப்பா அம்மா இருக்கற குரூப்லதான் அனுப்பணும். கோச் வண்டில தனியா ஏத்திட்டு வந்து விடறது வேண்டாம். வெளியூர் டோர்னமென்ட்னா கூட ஒரு பெண் மேனேஜர் வரணும், ரூம் யாரோடன்னு முன்கூட்டியே சொல்லணும். "நாங்க உட்கார்ந்து பார்க்கலாமா"ன்னு கேட்டு "பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாது"ன்னு சொன்னா, அங்கேயே திரும்பிடுங்க. சைல்ட்லைன் நம்பர் 1098. இதை உங்க பாப்பாவுக்கும் சொல்லிக் குடுங்க.

கிரவுண்டைப் பொறுத்தவரைக்கும், நம்ம ஊர்ல பெரும்பாலும் கெட்டியான செம்மண், நடுவுல சரளைக்கல். மழை பெஞ்சு காஞ்சா குழி விழும். நடந்து பாருங்க, கண்ணாடித் துண்டு, நீட்டிக்கிட்டிருக்கற கம்பி இருக்கான்னு. நகர்த்தற இரும்புக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி மணல் மூட்டையாவது வச்சிருக்கணும். குழந்தைங்க தொங்கினா அது அப்படியே மேல சாயும். செயற்கைப் புல் டர்ஃப் அழகா இருக்கும், ஆனா வெயில்ல மண்ணை விடக் கொதிக்கும். ஏப்ரல், மே மாசம் சாயந்திரம் நாலு மணி பேட்ச் வேண்டவே வேண்டாம். காலைல ஆறுல இருந்து ஏழரை, இல்லன்னா அஞ்சரைக்கு மேல. டர்ஃபை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கற அகாடமின்னா, அடுத்த புக்கிங்காரங்க வந்து நின்னதும் குழந்தைங்கள கிளப்பிடுவாங்க. அதையும் ஒரு நாள் பார்த்துக்கங்க.

தூரம் முக்கியம். அம்மாபேட்டைல வீடு, சூரமங்கலத்துல பிராக்டிஸ்னா, அஞ்சு ரோடு டிராஃபிக்ல ரெண்டு மாசத்துல நீங்களே சலிச்சுப் போயிடுவீங்க. இருபது நிமிஷத்துக்குள்ள இருக்கற சுமாரான இடம், ஒரு மணி நேர தூரத்துல இருக்கற நல்ல இடத்தை விட மேல். ஏற்காட்டுக்காரங்களுக்குத்தான் இதுல கஷ்டம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பிராக்டிஸ் முடிச்சு, இருட்டுல திரும்ப ஏறணும். குழந்தைக்கு வாந்தி வரும், பனிமூட்டம் வேற. வார நாள்ல மேலேயே ஸ்கூல் டீம்ல ஆடட்டும். சனி, ஞாயிறுல ஒரு நாள் மட்டும் காலைல கீழ வாங்க. அதுவே போதும்.

ஃபீஸ் பத்திச் சுருக்கமாச் சொல்லிடறேன். வருஷப் பணத்தை மொத்தமாக் கட்டாதீங்க, மாசா மாசம் கட்டுங்க. கிட், டோர்னமென்ட் என்ட்ரி, பஸ் செலவு, பதிவுக் கட்டணம் இதெல்லாம் தனியான்னு எழுதி வாங்கிக்கங்க. மூணு நாள் ட்ரையல் கேளுங்க.

மேட்ச் நேரத்தையும் கேளுங்க. "வர்ற எல்லாக் குழந்தைங்களுக்கும் எத்தனை நிமிஷம் ஆட விடுவீங்க?" பாதி மேட்ச்சாவது எல்லாரும் ஆடணும். ஜெயிக்கணும்னு அஞ்சு பேரையே ஆட வச்சுட்டு மீதிப் பேரை பெஞ்சுல உட்கார வைக்கற கிளப்புக்கு நீங்க காசு கட்டறது, அந்த அஞ்சு பேரோட பயிற்சிக்குத்தான். அப்புறம், ஸ்கூல் சார்பா குறுவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பைக்கெல்லாம் போகும்போது கிளப் தடுக்காம அனுப்புமான்னு இப்பவே கேட்டு வைங்க. இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோட சிஆர்எஸ்ல, அதாவது ஆட்டக்காரங்களைப் பதியற ஆன்லைன் சிஸ்டத்துல பதிவு பண்றாங்கன்னா, ஐடி நம்பரை நீங்க வாங்கி வைங்க. பின்னாடி கிளப் மாறும்போது தேவைப்படும். பிறப்புச் சான்றிதழ்லயும் ஆதார்லயும் பேரு, தேதி ஒண்ணா இருக்கணும். வயசைக் குறைச்சுக் காட்டலாம்னு யாராவது சொன்னா சம்மதிக்காதீங்க. மாட்டினா தடை விழறது குழந்தை மேலதான்.

"ஃபுட்பால் ஆடிப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்"னு தாத்தா பாட்டி கேட்பாங்க. சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2018-லயும் 2023-லயும் ஜெயிச்சிருக்கு. கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினாங்க, தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். இதைச் சொல்லுங்க.

கடைசியா ஷூ. சேர்ந்த அன்னைக்கே அடில பெரிய ஸ்டட், அதாவது நீட்டிக்கிட்டிருக்கற குமிழ் வச்ச பூட் வாங்காதீங்க. நம்ம கெட்டி மண்ணுல அந்த ஸ்டட் இறங்காது, பாதம் வழுக்கும், கணுக்கால் பிசகும். அடில சின்னச் சின்ன ரப்பர்ப் புள்ளி இருக்கற டர்ஃப் ஷூ மண்ணுக்கும் ஆகும், செயற்கைப் புல்லுக்கும் ஆகும். சாக்ஸ் போட்டுக்கிட்டு, நின்ன நிலைல, பெருவிரலுக்கு முன்னாடி அரை விரல் அகலம் இடம் விட்டுப் பாருங்க. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்னு ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா உள்ள கால் ஆடிக் கொப்புளம் போட்டுடும். முன்னங்காலைக் காக்கற ஷின் பேட் முதல் நாள்ல இருந்தே வேணும். அதைச் சாக்ஸுக்குள்ள போடணும், வெளிய இல்ல.

முட்டிக்கான அந்த ஏழு பயிற்சியையும் அடுத்த வீடியோல ஒண்ணொண்ணாச் செஞ்சு காட்டறேன். ட்ரையல் போயிட்டு வந்து, பத்து நிமிஷத்துல எத்தனை தடவை பந்து கால்ல பட்டுச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. வரட்டுங்களா.