பாறை சாய்ந்ததா, கேமரா சாய்ந்ததா?

[திரையில்: பழுப்பேறிய ஒரு பழைய படம். மலைச்சரிவில் நிற்கும் பாறைத் தூண்கள்.]

இந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலம், வீபர் பள்ளத்தாக்கு, 1869-ஆம் ஆண்டு. கூழாங்கல்லும் மண்ணும் சேர்ந்து இறுகிப்போன பாறைகள் சரிவிலிருந்து முளைத்து எழுந்தது போல நிற்கின்றன. சூனியக்காரிப் பாறைகள் என்று அவற்றுக்குப் பெயர். படம் எடுத்தவர் திமொதி ஓ'சல்லிவன்.

[திரையில்: அதே பாறைகள், 1978.]

இது 109 வருஷம் கழித்து, ரிக் டிங்கஸ் என்ற புகைப்படக்காரர் அதே இடத்தில் நின்று எடுத்த படம். பாறைகள் அதேதான், அசையவில்லை. ஆனால் அவை நிற்கும் தரையின் சாய்வு மாறியிருக்கிறது. பழைய படத்தோடு பொருந்தவேண்டும் என்றால் கேமராவையே ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டியிருந்தது. அதாவது, 1869-இல் ஓ'சல்லிவன் கேமராவைச் சாய்த்துத்தான் வைத்திருக்கிறார்.

'கொஞ்சம் சாய்ந்தால் என்ன?' என்று தோன்றலாம். நிலவியலில் அது சின்ன விஷயம் இல்லை. ஒரு பாறை அடுக்கு எந்தத் திசையில், எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் களத்தில் இறங்கியதும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று. அந்தக் கோணத்தை வைத்துத்தான் நிலம் எப்படி மடிந்தது, எங்கே உடைந்தது என்று கணக்குப் போடுவார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு எடுத்த படத்தில் கோணமே மாறியிருக்கிறது.

ஏன் அப்படி? அதற்கு அவர் அங்கே போன கதையைப் பார்க்க வேண்டும்.

[திரையில்: வரைபடம். சியரா நெவாடா மலைத்தொடரிலிருந்து கிழக்கே நீளும் பட்டை.]

1867-இல் அமெரிக்க அரசு கிளாரன்ஸ் கிங் என்ற 25 வயது நிலவியலாளரிடம் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தது. 40-ஆவது அட்சரேகையை ஒட்டி, சுமார் 100 மைல் அகலத்துக்கு நிலத்தை ஆராய வேண்டும். கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் ரயில் பாதை அந்தப் பகுதி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. என்ன பாறை, என்ன கனிமம், எங்கே தண்ணீர் என்று அரசுக்குத் தெரிய வேண்டும். கிங் தன் குழுவில் ஒரு புகைப்படக்காரரையும் சேர்த்துக்கொண்டார். அவர்தான் ஓ'சல்லிவன். நான்கு வருஷத்துக்கு முன்பு, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் விழுந்து கிடந்த சடலங்களைப் படமெடுத்தவர்.

அதுவரை நிலவியலாளர்கள் பெரும்பாலும் கையால்தான் வரைந்தார்கள். நல்ல ஓவியர்களும் இருந்தார்கள். ஆனால் கை வரையும்போது மலை கொஞ்சம் உயர்ந்துவிடும், பள்ளம் கொஞ்சம் ஆழமாகிவிடும். கேமரா அப்படிச் செய்யாது என்று நம்பினார்கள்.

சரி, அந்தக் கேமராவைப் பாலைவனத்துக்குக் கொண்டுபோவது எப்படி?

[திரையில்: மணல்மேடுகள். நடுவில் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டி.]

இது 1867-இல் நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் எடுத்த படம். வண்டியிலிருந்து காலடித் தடங்கள் நேராக நம்மை நோக்கி வருகின்றன, பார்த்தீர்களா? அவை புகைப்படக்காரர் நடந்த தடங்கள். அந்த வண்டிதான் அவருடைய இருட்டறை. எனக்கு இந்தப் படம் மிகவும் பிடிக்கும். மனுஷர் எங்கே நின்றார், எப்படி வந்தார் என்று படமே சொல்லிவிடுகிறது.

அப்போது ஃபிலிம் கிடையாது. ஈரத்தகடு முறைதான். அமிலத்தில் ஊறவைத்துச் செய்த வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் தேன் போல ஒரு திரவம் கிடைக்கும். அதுதான் கொலோடியன். அதில் அயோடைடு உப்பைச் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றவேண்டும். தோசைக்கல்லில் மாவை ஊற்றினால் கரண்டியால் தேய்த்துவிடலாம். இங்கே கரண்டி இல்லை. தகட்டை நான்கு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்தே சீராகப் பரப்பவேண்டும். ஒரு தூசி விழுந்தால் படத்தில் ஒரு புள்ளி விழும்.

அப்புறம் இருட்டறைக்குள் போய்த் தகட்டை சில்வர் நைட்ரேட் கரைசலில் சில நிமிஷம் முக்கி எடுக்கவேண்டும். அப்போதுதான் தகடு ஒளியை உணரும். ஈரம் காய்வதற்குள் கேமராவுக்கு ஓடி, படமெடுத்து, திரும்ப வண்டிக்கு ஓடி வந்து, இரும்புச் சல்பேட் கரைசல் ஊற்றிப் படத்தை வெளிக்கொணர வேண்டும். பாலைவன வெயிலில் ஈதர் எத்தனை வேகமாக ஆவியாகும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கழுவத் தண்ணீர் வேண்டும், அதுவும் சுத்தமான தண்ணீர். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதியும் நடைமுறையில் இல்லை. அச்சுப் படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, கண்ணாடித் தகடும் அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும். ஏறக்குறைய 9-க்கு 12 அங்குலம். பெட்டி பெட்டியாகக் கண்ணாடி, கழுதை முதுகில், மலைப்பாதையில்.

இதற்கு நடுவே முதல் கோடையிலேயே குழுவில் பலர் மலேரியாவில் படுத்துவிட்டார்கள். அந்த நிலையில் எடுத்த படங்கள் இவை.

[திரையில்: வெள்ளை வானம், கருத்த பாறை.]

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படங்களில் பெரும்பாலும் வானத்தில் மேகமே இருக்காது, வெறும் வெள்ளை. காரணம் வேதியியல். இந்தத் தகடு நீல ஒளியையும் புற ஊதாவையும் மட்டும்தான் நன்றாக உணரும். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெளுத்துவிடும், செம்பாறை கருத்துவிடும். பாறையின் விளிம்பு மட்டும் கத்தியால் வெட்டியது போலத் தெரியும். நிலவியலாளருக்கு அது வசதிதான். ஆனால் கண்ணால் பார்த்த மலை அப்படி இருந்திருக்காது.

ஆக, கேமராவும் அப்படியே காட்டவில்லை. இப்போது அந்தச் சாய்வுக்குத் திரும்புவோம்.

கிளாரன்ஸ் கிங்குக்கு ஓர் உறுதியான கருத்து இருந்தது. பூமி மெல்ல மெல்ல, ஒரே வேகத்தில் மட்டும் மாறவில்லை. பெரும் கொந்தளிப்புகளும் அதை உருவாக்கின என்று நம்பினார். 1877-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றியே உரையாற்றினார். அவர் நம்பிக்கைக்கு ஏற்ப, நிலம் புரண்டு எழுந்தது போலத் தெரியட்டும் என்று ஓ'சல்லிவன் கேமராவைச் சாய்த்தார் என ஒரு விளக்கம் உண்டு.

எனக்கு அதில் முழு ஒப்புதல் இல்லை. கருத்தைச் சொன்ன கிங்கின் எழுத்து இருக்கிறது. கேமராவைச் சாய்த்தவர் எழுதிய காரணம் நம் கையில் இல்லை. செங்குத்தான சரிவில் நின்றுகொண்டு, எல்லாப் பாறைகளையும் ஒரே தகட்டுக்குள் அடக்கப் பார்த்திருக்கலாம். அது கவனக்குறைவு என்றும் நான் நினைக்கவில்லை. 1873-இல் நியூ மெக்சிகோவில், ஸ்பானியர்கள் பாறையில் செதுக்கிய எழுத்தைப் படமெடுத்தபோது, பக்கத்திலேயே ஓர் அளவுகோலையும் வைத்தவர் இதே மனிதர். அளவு எதற்கு முக்கியம் என்று நன்றாகத் தெரிந்தவர்.

அவர் சாய்த்ததை நம்மால் கண்டுபிடிக்க முடிந்ததே, அது எப்படி?

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டுங்கள். தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியை விரல் நுனி தொடும்படி பாருங்கள். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே விரலும் புள்ளியும் விலகிவிடும், இல்லையா? கிட்டத்துப் பாறையும் தூரத்துப் பாறையும் பழைய படத்தில் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றனவோ, அதே இடத்தில் தொடும்வரை நகர்ந்துகொண்டே இருந்தால், பழைய கேமரா நின்ற இடத்துக்கே வந்துவிடலாம். நிழலை வைத்து எந்த மாதம், எத்தனை மணி என்றும் கணிக்கலாம். நிலவியல் படித்த புகைப்படக்காரர் மார்க் கிளெட்டும் அவருடைய நண்பர்களும் 1977 முதல் 1979 வரை இப்படித்தான் 120-க்கும் மேற்பட்ட இடங்களைத் தேடிப்போனார்கள். டிங்கஸ் அந்தக் குழுவில் ஒருவர்.

[திரையில்: பிரமிட் ஏரி, 1867. பக்கத்தில் அதே இடம், 1979.]

அவர்கள் போன இடங்களில் நெவாடாவின் பிரமிட் ஏரியும் ஒன்று. ஏரிக்குள் ஊற்றுகள் சுரந்த இடங்களில் சுண்ணாம்பு படிந்து படிந்து உருவான விசித்திரமான பாறைகள் அங்கே உண்டு. ஒரு பாறை கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண் போலவே இருக்கும். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் அவளைக் கல் அன்னை என்கிறார்கள். அவள் அழுத கண்ணீர்தான் இந்த ஏரி என்பது அவர்கள் கதை.

ஓ'சல்லிவன் 1867-இல் அங்கே போனது பாறையைப் பதிவு செய்ய. தண்ணீர் படத்தில் தானாக வந்தது. 1905-இல், ஏரிக்கு வரும் ட்ரக்கி ஆற்றின் குறுக்கே டெர்பி அணையைக் கட்டி, தண்ணீரை வயல்களுக்குத் திருப்பினார்கள். 1967-க்குள் ஏரி சுமார் 80 அடி இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த வின்னமக்கா ஏரி வற்றியே போனது.

கிளெட் 1979-இல் எடுத்த படத்தைப் பாருங்கள். ஓ'சல்லிவனின் படத்தில் அலை தொட்டுக்கொண்டிருந்த பாறைகள், காய்ந்த தரையில் நிற்கின்றன.